மறதிக்காரனின் வாப்பா

இவ்வருடம் பாடசாலை தொடங்கியதிலிருந்து எனது மகன் தொலைத்த பொருட்களின் விபரம் வருமாறு: தண்ணீர்ப் போத்தல் நான்கு, குடை இரண்டு, கணிதக் கொப்பி ஒன்று, செருப்பு அரைச் சோடி. போத்தலும் குடையும் எல்லாப் பிள்ளைகளும் தொலைப்பவைதான். ஆனால் ஒரு காலில் செருப்போடும் மறு காலில் மண்ணோடும் ரியூசன் வகுப்பிலிருந்து வீடு வரை நடந்து வந்தவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்பதைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. "மத்தச் செருப்பு எங்க மகன்?" என்று கேட்டபோது குனிந்து தன் கால்களைப் பார்த்தான். எங்களை விட அவனுக்குத்தான் ஆச்சரியம் அதிகமாக இருந்தது.

வயது பன்னிரண்டு. தரம் 7. கடைக்கு அனுப்பினால் போவான், திரும்பியும் வருவான். இடையில் நடப்பதுதான் விடயம். தேங்காய், பருப்பு, நெருப்புப் பெட்டி என்று அவனது உம்மா மூன்று சாமான் சொல்லி அனுப்பினால், ஒன்று வந்து சேரும். சில நாட்களில் அந்த ஒன்றும் நாங்கள் சொன்னதாக இருக்காது. ஜோர்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1956 இல் எழுதிய பிரசித்தமான கட்டுரையொன்றில், மனிதன் ஒரே தடவையில் மனதில் வைத்திருக்கக் கூடியவை ஏழு என்றும், அதில் இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம் என்றும் குறிப்பிட்டார். பின்னர் வந்த ஆய்வாளர்கள் அதை நான்களவுக்கு இறக்கிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு யாராவது வந்து பார்த்திருந்தால் எண்ணிக்கை இன்னும் இறங்கியிருக்கும்.

ஒரு நாள் பின்னேரம் தேங்காய்க்குப் போனவன் முக்கால் மணித்தியாலம் கழித்து வெறுங்கையோடு வந்தான். வழியில் பாண்கார ஓட்டோ வந்திருக்கிறது. நம் நாட்டுத் தெருக்களில் அந்த ஓட்டோக்கள் பாடிக்கொண்டு வரும் மெட்டு, பீத்தோவன் என்ற ஜேர்மனியர் 1810 இல் பியானோவுக்காக எழுதியது. அது அவருடைய துரதிர்ஷ்டமோ நம்முடைய அதிர்ஷ்டமோ, அந்த இசையைக் கேட்டால் நமக்கெல்லாம் பணிஸ்தான் ஞாபகம் வருகிறது. மகனுக்கு வேறொன்று வந்திருக்கிறது.

"வாப்பா, ஓட்டோ கிட்ட வரக்குள்ள பாட்டு கீச்சுண்டு கேக்குது. தாண்டிப் போனா ஒடன தடிச்சுப் போகுது. ஏன்?"

அந்த 'ஏன்' தெரிய வேண்டும் என்று ஓட்டோவுக்குப் பின்னால் மூன்று ஒழுங்கை நடந்திருக்கிறான். அவன் கேட்டது உயர்தரத்தில் பௌதிகவியல் படிப்பவர்கள் மண்டையை உடைக்கும் டொப்ளர் விளைவு. ஒலி எழுப்பும் பொருள் நம்மை நெருங்கும்போது அலைகள் நெருங்கி வருவதால் சுருதி கூடும், விலகும்போது குறையும். கிறிஸ்டியன் டொப்ளர் இதற்கான கருத்தை 1842 இல் வெளியிட்டார். மூன்று வருடம் கழித்து நெதர்லாந்தில் ஊதுகுழல்காரர்களை ரயிலில் ஏற்றி ஊத வைத்துப் பரிசோதித்தார்கள். இதையெல்லாம் நான் ஆர்வத்தோடு விளக்கிக் கொண்டிருந்தபோது குசினியிலிருந்து ஒரு குரல் வந்தது: "டொப்ளர் கெடக்கட்டும், தேங்கா எங்க?"

சிரிப்புக்கு மறுபக்கமும் உண்டு. இரண்டாம் தவணையில் வகுப்பாசிரியை எங்களை அழைத்தார். "மகன் கெட்டிக்காரன்தான். ஆனா உடம்புதான் வகுப்பில இரிக்கி" என்றார். ஆலோசனைகள் குவிந்தன. கண்ணூறு என்று ஒருவர் ஓதிய தண்ணீர் தந்தார். வல்லாரைச் சம்பல் கொடுக்கச் சொன்னார் பக்கத்து வீட்டு மாமி. ஆறு கிழமை கொடுத்தோம். சம்பல் பிடித்துப்போய் இரண்டாம் தரமும் சோறு கேட்டான், மறதியில் மாற்றமில்லை. 'எல்லாம் போனால் வந்த வினை' என்றார் மைத்துனர், தன் போனிலிருந்து கண்ணெடுக்காமலே.

பிறகு ஒரு இரவு, விளக்கணைத்த பின் மகன் கேட்டான்: "வாப்பா, எனக்கு மூள பழுதா?" வகுப்பில் பிள்ளைகள் அவனை 'சுவிச் ஓஃப்' என்று கூப்பிடுகிறார்களாம். எத்தனையோ விடயங்களை மறப்பவன் இதை மட்டும் மறக்காமல் எத்தனை நாள் சுமந்திருந்தானோ தெரியவில்லை. அந்தக் கிழமையே டொக்டரிடம் கூட்டிப் போனோம்.

டொக்டர் நிதானமாகக் கேட்டார். சிறு வயதிலிருந்தே இப்படியா, வீட்டிலும் பாடசாலையிலும் ஒரே மாதிரியா, தூக்கம் எப்படி, காதும் கண்ணும் சரியா? கவனக் குறைபாடு என்று ஒன்று உண்டு, அது பிள்ளையின் குற்றமோ வளர்ப்பின் குற்றமோ அல்ல, இருந்தால் உதவ வழிகளும் உண்டு என்றார். மகனுக்கு இப்போதைக்கு அப்படிப் பெயர் வைக்கத் தேவையில்லை, ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார். திட்டமிடுவதையும் ஞாபகமாய் முடிப்பதையும் கவனிக்கும் மூளையின் முன்பகுதி முழுதாய் முதிர ஏறத்தாழ இருபத்தைந்து வயதாகும் என்றும் சொன்னார். மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். இன்னும் பதின்மூன்று வருடம். குடை மட்டும் இருபத்தாறு.

அவர் சொன்னபடி சில மாற்றங்கள் செய்தோம். ஒரு நேரத்தில் ஒரு வேலை. மூன்று சாமானென்றால் அவன் கையாலேயே எழுதிய துண்டு. புத்தகப் பை இரவே கட்டி வாசலில் வைக்கப்படும். இப்போது மூன்றில் இரண்டு வந்து சேர்கிறது.

அன்று டொக்டரிடமிருந்து திரும்பும்போது மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து கேட்டான்: "டொக்டர் என்ன சொன்ன?"

"மூளையில பழுதொண்டும் இல்லயாம். இன்னும் கட்டி முடியல்லயாம்."

"நம்மட மேல்மாடி மாதிரியா?"

எங்கள் வீட்டு மேல்மாடி, கம்பிகள் வானத்தைப் பார்த்தபடி எட்டு வருடமாக நிற்கிறது. ஊரில் பாதி வீடுகள் அப்படித்தான். ஓமென்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. வழமைபோல வேறெங்கோ போய்விட்டான் என்று நினைத்தேன்.

"அப்ப பரவால்ல வாப்பா" என்றான். "கீழ் வீட்டுல ஆக்கள் இரிக்கிதானே."