இரு சாக்ஸபோன்கள்

மயிலாப்பூரிலுள்ள எங்கள் இல்லத்தில் சங்கீதத்தைப் பற்றி நெடுநாள் வழக்கொன்று நடந்துவந்தது. எனது தந்தையார் மார்கழிதோறும் சபை சபையாய்ச் சென்று கச்சேரி கேட்பவர். யானோ, இக்கல்லூரியிற் பயின்ற நாள் தொட்டு, ஜாஸ் என்னும் அமெரிக்க இசையில் ஈடுபட்டேன். அது வெறும் இரைச்சல் என்பது அவர் தீர்ப்பு. பின்னர் அதைக் குறித்து இருவரும் பேசுவதையே விட்டோம்.

எனினும் மேனாட்டுக் கருவியொன்றை அவர் மனமார ஏற்றிருந்தார். அது கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோன். அடால்ப் சாக்ஸ் என்பார் 1846-இல் காப்புரிமை பெற்ற அக்கருவியில், விசையை அழுத்தினால் சுரங்கள் தனித்தனியே பிறக்கும். நம் இசைக்கு உயிராகிய கமகம் எளிதில் வாராது. நாகசுர வித்துவானின் மைந்தராகிய கத்ரி, மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் அதனைக் கேட்டு மயங்கி, பல்லாண்டு உழைத்து, விசைகளிலும் மாற்றஞ் செய்து, கமகத்தை அதனுள் வரவழைத்தார். சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணன் அவருக்கு ஆசானாய் வாய்த்தார்.

நிற்க. 2008-இல் கத்ரியும் ருத்ரேஷ் மகந்தப்பா என்னும் அமெரிக்க ஜாஸ் கலைஞரும் கூடி வாசித்த ‘கின்ஸ்மென்’ என்னும் இசைத்தட்டு வெளிவந்தது. சுற்றத்தார் என்பது அதன் பொருள். கொலராடோவில் வளர்ந்த மகந்தப்பாவுக்கு, மாணவப் பருவத்தில் அவர் தமையனார் கத்ரியின் இசைத்தட்டொன்றை வேடிக்கையாக அளித்தாராம். விளையாட்டு வினையாகும் என்பர், இங்கே நல்வினையாயிற்று.

ஒருநாள் மாலை அத்தட்டை நான் தனித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். கன்யாகுமரியின் வயலினையும் பூவாளூர் ஸ்ரீஜியின் மிருதங்கத்தையும் செவியுற்ற தந்தையார், அழையாமலே வந்தமர்ந்தார். இரண்டும் ஆல்டோ சாக்ஸபோன்களே. ஆயினும் அவர் விரலசைத்து, “இது கத்ரி, இது மற்றவர்” என்று பிழையின்றிப் பிரித்துரைத்தார். ஒருவர் சுரத்தை அசைத்து அதனுள்ளேயே தங்குகிறார்; மற்றவர் சுரத்தை உதறிவிட்டு விரைகிறார். கிதாரும் டிரம்ஸும் ஒருங்கே முழங்குமிடங்களில் எனக்கே சற்று அயர்வுண்டு. அங்கெல்லாம் அவர் முகஞ் சுளித்ததில் வியப்பில்லை. கல்யாணி என்னும் பகுதி வந்தபோது மட்டும் கண்களை மூடிக்கொண்டார்.

கத்ரி 2019 அக்டோபரில் காலமானார். அச்செய்தியை நாளிதழிற் படித்த தந்தையார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “உன் தட்டிலுள்ள அந்தக் கல்யாணியைப் போடு” என்றார். முடிந்ததும், “அந்த மற்றவர் தனியாய் வாசித்தது ஏதேனும் உன்னிடம் உண்டோ?” என்று வினவினார்.