நாணமும் நலமும்

நாணம் பெண்ணுக்கு அணிகலன் என்று நம் முன்னோர் கூறினர். அணிகலன் அணிபவரின் அழகுக்காக ஏற்பட்டது. அதுவே உயிரை வாங்கும் தளையாக மாறுமாயின், அதனைக் கழற்றி வைப்பதே அறிவுடைமையாகும். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் நாணம் என்னும் பெயரால் நாம் காத்து வரும் மௌனம் அத்தகைய தளையாகி விட்டதோ என்னும் ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி பற்றிய அறிவித்தல் மாணவிகளின் கையில் வீடு சென்ற மறுநாள், பெற்றார் ஒருவர் என்னிடம் வந்தார். படித்தவர், பண்புடையவர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாஸ்டர், பதினொரு வயதுப் பிள்ளைக்கு உந்த ஊசி எதுக்கு? நாங்கள் என்ன அப்படியான குடும்பமே?" என்று கேட்டார். அவர் கேட்டதில் கோபம் இல்லை, அச்சமே இருந்தது. அவ்வச்சத்திற்கு மறுமொழி கூறுவது ஆசிரியர் கடன் அன்றோ?

இந்நோய்க்குக் காரணம் மனித பப்பிலோமா என்னும் வைரசு. இதனை நிறுவிய ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹவுசன் 2008ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். இவ்வைரசு பெரும்பாலும் உடலுறவின் வழியாகத் தொற்றுவது. இதைக் கேட்டவுடன் நம்மவர் காதைப் பொத்திக்கொள்கின்றனர். ஆனால், திருமண வாழ்க்கையில் புகுந்த ஆண் பெண் இருபாலாருள் மிகப் பெரும்பாலோரை இது ஒருமுறையாவது தொட்டுச் செல்லும் என்பதே மருத்துவர் கண்ட உண்மை. அநேகரிடத்தில் உடலே அதனை ஓரிரு ஆண்டுகளில் அகற்றிவிடும். சிலரிடத்தில் அது தங்கி, 15 அல்லது 20 ஆண்டுகளின் பின் புற்றாக வெளிப்படும். கணவனைத் தவிர வேறொருவரை அறியாத பெண்ணுக்கும் இந்நோய் வரலாம். கற்புக்கும் இதற்கும் முடிச்சுப் போடுவது அறியாமையேயாகும்.

இனி, ஊசியிலுள்ள மருந்தைப் பார்ப்போம். 1991இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் இயன் பிரேசர், ஜியான் சௌ என்னும் இருவரும் வைரசின் மேலோட்டை மட்டும் ஆய்வுகூடத்தில் ஆக்கும் வழியைக் கண்டனர். அவ்வோட்டினுள் நோயைப் பெருக்கும் கரு இல்லை. வயல் பார்த்தவர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். பதர் நெல்லைப் போலவே தோன்றும், ஆனால் முளைக்காது. உடலின் காவற்படை இந்தப் பதரைக் கண்டு பகைவனின் உருவத்தைப் பழகிக்கொள்கிறது. பின்னர் மெய்யான வைரசு வரும்போது வாயிலிலேயே தடுத்துவிடுகிறது. காவலனைக் கள்வன் வருமுன்னரே நிறுத்த வேண்டும். ஆகையினாற்றான் இதனை இளவயதிலேயே இடுகின்றனர். இலங்கையில் 2017ஆம் ஆண்டு ஆறாம் வகுப்பு மாணவியருக்கு இத்தடுப்பூசி அறிமுகப்படுத்தப்பட்டது.

பயன் உண்டா என்பார்க்கு இங்கிலாந்து விடை தருகிறது. அங்கே 12, 13 வயதில் ஊசி பெற்ற பெண்களிடையே இப்புற்றுநோய் 87 வீதம் குறைந்ததாக 2021இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஒழுக்கம் கெடுமோ என்பார்க்கும் விடை உண்டு. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் 11, 12 வயதுச் சிறுமியர் 1,398 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டனர். ஊசி பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் பின்வந்த நடத்தையில் வேறுபாடு காணப்படவில்லை. பிள்ளையின் ஒழுக்கம் வீட்டில் விளைவது. ஊசி முனையில் அது கெடுவதில்லை.

பிள்ளைகளுக்கு ஊசி உண்டு. தாய்மாரின் நிலை என்ன? எங்கள் அயலில் ஒரு தாயார் இருந்தார். மாதவிடாய் நின்று பல ஆண்டுகளின் பின் அவருக்கு இரத்தம் கண்டது. எட்டு மாதம் எவரிடமும் சொல்லவில்லை. மகனிடம் எவ்வாறு சொல்வது? மருமகள் என்ன நினைப்பாள்? வலி பொறுக்கமாட்டாது மருத்துவரை நாடியபோது நோய் முற்றியிருந்தது. அவருடைய அந்தியேட்டியன்று கொடுத்த கல்வெட்டில் அவர் குணநலன்கள் யாவும் பாடப்பட்டிருந்தன. நோயின் பெயர் மட்டும் இல்லை.

அவர் பிழைத்திருக்கக் கூடும். 35 வயதிலும் 45 வயதிலும் பெண்கள் செய்துகொள்வதற்கான பரிசோதனை சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் இலவசமாகவே நடைபெறுகிறது. சில நிமிட வேலை. குடும்பநல உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை கேட்டால் வழி சொல்லுவார். தெல்லிப்பளையிலே, 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியால் எழுந்த புற்றுநோய் மருத்துவமனையும் உண்டு. இத்தனையும் இருந்தும், வாய் திறவாதவருக்கு எவர் உதவ முடியும்?

இவற்றைப் பேசத் தமிழில் சொல் இல்லை என்று எவரும் கூறற்க. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலிருந்து மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மகப்பேறு பற்றிய நூல் 1857இலேயே இங்கு தமிழில் அச்சாகியது. அக்காலத்து மாணவர் பெண்ணுடலின் உறுப்புகளைக் கூச்சமின்றித் தமிழிற் படித்துத் தேறினர். அவர்களின் கொள்ளுப்பேரர்களாகிய நாமோ, இனப்பெருக்கப் பாடம் வந்ததும், "வீட்டிலே வாசியுங்கள்" என்று ஏட்டைப் புரட்டிவிடும் வகுப்புகளைக் காண்கிறோம்.

இன்னொரு விந்தையும் உண்டு. பெண் பெரியவளானால் மண்டபம் எடுத்து, அழைப்பிதழ் அச்சிட்டு, படம் பிடித்து ஊருக்கெல்லாம் அறிவிக்கிறோம். நடந்தது இன்னதென்று அப்பெண்ணுக்கு மட்டும் எவரும் விளக்குவதில்லை. சாமத்தியச் சடங்கை நான் பழிக்கவில்லை. ஆலாத்தி எடுக்கும் அத்தனை பெண்களுள் ஒருத்தியேனும் அப்பிள்ளையை அருகிருத்தி, அவள் உடலின் இயல்பையும் காவலையும் எடுத்துரைத்தால் அச்சடங்கு முழுமை பெறும் என்றே கூறுகிறேன்.

என்னிடம் வந்த தந்தையார் எல்லாவற்றையும் கேட்டபின் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "தாய்க்காரியும் ஒருக்கால் காட்டத்தான் வேணும் போலை" என்றார். அந்த ஒரு சொல் ஒவ்வொரு வீட்டிலும் எழ வேண்டும். தாய்மாரே, மகளிடம் பேசுங்கள். தந்தைமாரே, மனைவியிடம் கேளுங்கள். அவ்வாறு பேசுவதால் நம் நாணத்திற்கு இழுக்கு வாராது, நலம் வரும்.