ஹாரியட் மலை

அந்தமானில் 2024 வரை போர்ட் பிளேயர் என்று வழங்கிய நகரத்தின் கடற்கரையில் நின்று வடக்கே நோக்குகிறவர்களுக்கு, வளைகுடாவின் மறுகரையில், நீர்மட்டத்திலிருந்தே எழுந்து, அடிமுதல் முடிவரை கருமை கலந்த பசுமையைப் போர்த்துக்கொண்டு நிற்கும் மலைத்தொடர் ஒன்று தென்படும். சாத்தம் துறையில் படகேறிப் பாம்பூ பிளாட்டில் இறங்கினால், ஹாரியட் சிகரத்துக்குச் செல்லும் சாலை அங்கே ஆரம்பமாகிறது. உயரம் சுமார் 1,200 அடிதான். நீலகிரியையும் பழனியையும் கண்டு பழகிய நம்மவர்கள் இதை மலையென்று மதிக்கவே முதலில் தயங்கக்கூடும்.

ஆனால் நம் கண்ணுக்குத் தெரிவது மலையின் மேற்பகுதி மாத்திரமே. பர்மாவின் மேற்கெல்லையில் அரக்கான் யோமா என்ற பெயரோடு இறங்கிவரும் மலைத்தொடர், சமுத்திரத்தில் மூழ்கி, நீரடியிலேயே தெற்கு நோக்கி நடந்து, உயர்ந்த இடங்களில் மட்டும் தலைகாட்டி, அந்தமானாகவும் நிக்கோபாராகவும் நின்று, முடிவில் சுமத்ராவின் மலைகளோடு சேர்ந்துகொள்கிறது. இந்தியாவைத் தாங்கும் நிலத்தட்டு பர்மியத் தட்டின் அடியில் இடைவிடாது புகுந்துவருவதால், பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த மணலும் சேறும் நெருக்குண்டு மேலெழுந்தன. 2004 டிசம்பர் 26 அன்று பூமியதிர்ச்சியையும் ஆழிப்பேரலையையும் விளைவித்ததும் இதே இயக்கந்தான். சாலைக்காக வெட்டிய சரிவுகளில் மணற்பாறையும் களிப்பாறையும் வரிவரியாகச் சாய்ந்து கிடப்பதைக் காணலாம். களிப்பாறையை விரலால் நெருடினால் பொடிந்து உதிர்கிறது.

இப்படி உதிரும் மண்ணின்மீது, தென்மேற்கும் வடகிழக்குமாகிய இரு பருவங்களிலும், ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. அதைத் தாங்கி மலையைக் கரையாமல் காப்பது காடு ஒன்றே. குர்ஜன் மரங்கள் வெகு உயரம்வரை கிளையே விடாமல் ஓங்கியிருக்கின்றன. நம் குறிஞ்சி நிலத்து வேங்கைக்கு நெருங்கிய உறவான படாக் விருட்சம், சுவர்போல் விரிந்த பலகை வேர்களை நாற்புறமும் ஊன்றி நிற்கிறது. அவ்வேர்களின் இடுக்கில் நனைந்து மக்கிய சருகுகளை விலக்கிப் பார்த்தேன். விரற்கடைக் கனமுள்ள கறுத்த மண், அதன் கீழே உடனே பாறை. இத்தனை பெரிய காடு இத்தனை மெல்லிய மண்ணைக்கொண்டு வாழ்கிறது! பிரம்புக் கொடிகள் மரத்துக்கு மரம் தாவுகின்றன. பச்சைநிறப் பகற்பல்லி அடிமரத்தில் ஒட்டிக்கிடக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத அந்தமான் பாம்புப்பருந்தும் இக்காட்டிலே வசிக்கிறது.

இக்காட்டு மலைக்கு மனிதரின் சரித்திரமும் உண்டு. 1862 முதல் 1864 வரை இத்தீவுகளின் கண்காணிப்பாளராயிருந்த டைட்லரின் மனைவி பெயரே மலைக்கு வாய்த்தது. 1872 பிப்ரவரி 8 அன்று, சூரியாஸ்தமனத்தைக் காண மலையேறிய வைஸ்ராய் மேயோ பிரபு, இறங்கி வந்ததும் அடிவாரத் துறையில் ஷேர் அலி என்னும் கைதியின் கத்திக்கு இரையானார். 1891-ஆம் ஆண்டு ஆங்கிலேயரோடு நடந்த போருக்குப்பின் மணிப்பூர் அரசர் குலசந்திரரும் பிறரும் இங்கே சிறைவைக்கப்பட்டதை முன்னிட்டு, 2021-இல் மணிப்பூர் மலை என்று பெயர் மாற்றினார்கள்.

வருகிறவர்களில் அநேகர், பழைய 20 ரூபாய் நோட்டில் அச்சிட்ட கடற்காட்சியை மலையிலிருந்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வந்த வண்டியிலேயே திரும்பிவிடுகிறார்கள். அந்தக் காட்சி அழகியதே. எனினும் மலையின் சிறப்பு அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ஆகையால், அங்கே போகும் வாய்ப்புக் கிட்டும் வாசகர்கள், வனத்துறையினரின் அனுமதியோடு, காலாபத்தர் செல்லும் ஒற்றையடிப் பாதையில் சற்று தூரமேனும் நடந்து வாருங்கள். மழைக்காலமாயின் அட்டைகளிடம் மட்டும் எச்சரிக்கையாயிருங்கள்.