நாற்றம் எங்கே போனது?

"நாற்றமே வராது" என்ற உறுதிமொழியோடு திருவனந்தபுரத்து அடுக்களைகளுக்கு உரவாளிகள் வந்து சேர்ந்தன. அந்த உறுதிமொழிக்குப் பின்னால் ஒரு கிராமத்தின் கோபம் இருக்கிறது. 2000 முதல் நகரத்துக் குப்பை விளப்பில்சாலா உர ஆலைக்குப் போனது. தலைநகரம் மணக்காமல் இருந்தது. நாற்றம் கிராமத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது, அவ்வளவே. ஓடையில் குப்பையின் கருநீர் கலந்தது. பொறுத்துப் பார்த்த பஞ்சாயத்து 2011 டிசம்பரில் ஆலைக்குப் பூட்டுப் போட்டது. 2012-ல் போலீஸ் துணையோடு உள்ளே நுழைய வந்தவர்களைப் பெண்களும் சேர்ந்து மறித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

ஆக, மத்தி மீனின் செதிலும் மிஞ்சிய அவியலும் இனி அவரவர் வீட்டிலேயே மட்க வேண்டும். மூன்றடுக்கு வாளி, நுண்ணுயிர் கலந்த தென்னைநார்த் துகள். ஏமாற்று இல்லை, காற்று புகுந்தால் குப்பை நாறாமல்தான் மட்கும். ஈரம் மிஞ்சிக் காற்று அடைபட்டால் வேறுவகை நுண்ணுயிர்கள் பெருகும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டையாக மணக்கும். கஞ்சித் தண்ணீரை அப்படியே கொட்டிவிட்டு வாளியைத் திட்டிப் பயனில்லை. இடவப்பாதி மழையில் காற்றே நனைந்து கிடக்கும்போது, துகளை இன்னொரு பிடி தூவவும் கிளறவும் வீட்டில் யாருக்கு நேரம்? பெரும்பாலும் ஒருவருக்குத்தான், அவர் யாரென்று சொல்லவேண்டியதில்லை.

வாளி வைக்க இடமில்லாதவர்களுக்காகத் தெருமுனைகளில் தும்பூர்முழி தொட்டிகள் வந்தன. கால்நடைப் பல்கலைக்கழகம் திருச்சூர் மாவட்டத்துப் பண்ணையில் உருவாக்கிய முறை: சாணம், சருகு, குப்பை என்று மாறி மாறி அடுக்கினால் சுமார் 90 நாளில் உரம். சருகு தீர்ந்துபோன நாளை அக்கம்பக்கத்து மூக்குகள்தான் முதலில் அறிகின்றன.