ஓடாத மோட்டாரின் நாட்கணக்கு

கலாசாலையில் பயின்ற காலத்தில் எம்மிடம் இருந்த வாகனம் ஒரு சைக்கிள். அதுவும் எம் தமையனார் ஓட்டித் தேய்த்துக் கொடுத்தது. சங்கிலி கிறீச்சிட்டால் எண்ணெய் இடுவோம், இல்லையேல் இல்லை. யந்திர பரிபாலனத்தில் யாம் பெற்ற கல்வி இவ்வளவே. இக்கல்வியோடு கடல் கடந்து, இங்கிலாந்தில் யார்க் நகரில் உத்தியோகம் பார்த்து வரும் யாம் 2014ஆம் ஆண்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் மோட்டாருக்கு உடையவரானோம் என்று கேட்டால், எம்மை அறிந்த பழைய மாணவர்கள் நகைப்பார்கள். நகைக்கட்டும். அம்மோட்டாரால் எமக்கு நேர்ந்ததை அவர்களும் அறிதல் நலமென்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

எம்.ஜி.பி. என்பது அதன் பெயர். இருவர் அமரத்தக்கது, கூரையை மடித்துவிட்டால் மேலே ஆகாயந்தான். ஆபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரையில் இவ்வகை வண்டிகள் ஐந்து லட்சத்திற்கு மேல் செய்யப்பட்டன. எம்முடையது 1972ஆம் ஆண்டினது. அண்டை வீட்டு முதியவர் ஒருவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், முழங்கால் நோவினால் கிளச்சை மிதிக்க இயலாமற் போகவே, அதனைச் சொற்ப விலைக்கு எமக்கு அளித்தார். சாவியோடு ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் தந்தார். அதில் ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்துக் குறிப்பு ஒன்று உண்டு: எஞ்சின் எண்ணெய் மாற்றியது, வடிகட்டி மாற்றியது, கிரீஸ் இட்டது. ஓராண்டு விட்டு ஓராண்டு, பிரேக் எண்ணெய் மாற்றியது. அருகிலேயே அவ்வாண்டு ஓடிய தூரம்: 310 மைல், 240 மைல், 275 மைல்.

இதனைக் கண்டு யாம் எம் இல்லாளிடம் கூறி நகைத்தோம். எண்ணெய் மாற்றுவதற்கு 6,000 மைல் ஓடலாம் என்று வண்டியின் கைப்புத்தகம் சொல்ல, முந்நூறு மைலுக்கே புது எண்ணெய் ஊற்றுவது முதுமையின் விசித்திரம் என்று எண்ணினோம். எம் கணக்கின்படி அடுத்த எண்ணெய் 2034ஆம் ஆண்டில்தான் தேவைப்படும்! ஓடாத வண்டி தேயாது, தேயாததற்குச் செலவெதற்கு? நோட்டுப் புத்தகம் மேசை அறைக்குள் போயிற்று.

எம் அசட்டைக்குச் சட்டமும் துணை நின்றது. இந்நாட்டில் மோட்டார்களை ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்கு உட்படுத்த வேண்டும். எம் வண்டி அதில் ஆண்டுதோறும் தேறியே வந்தது. சோதகர் பிரேக்கின் வலிவை அளந்தாரேயன்றிப் பிரேக் எண்ணெயில் நீர் எவ்வளவு ஏறியுள்ளது என்று அளக்கவில்லை. அது அவர் கடமையும் அன்று. 2018ஆம் ஆண்டு மே மாதம் முதல், நாற்பது வயது கடந்து பெரிய மாறுதல் எதுவும் செய்யப்படாத வண்டிகளுக்கு அச்சோதனையும் கட்டாயமன்று என்றாயிற்று. வண்டி ஓட்டத்தக்க நிலையில் இருக்கவேண்டும் என்னும் பொறுப்பு மட்டும் உடையவர் தலையிலேயே நின்றது. விலக்கைக் கண்டோம், பொறுப்பைக் கண்டோமில்லை.

2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பதினாறு வயதான எம் மகளை அழைத்துக்கொண்டு சட்டன் பாங்க் என்னும் மேட்டிற்குச் சென்றோம். திர்ஸ்க் நகருக்குக் கிழக்கே உள்ள அம்மேட்டினின்று நோக்கினால் யார்க் சமவெளி முழுவதும் பச்சைப் பாய் விரித்தாற்போலத் தோன்றும். பாதையோ நான்கடிக்கு ஓரடி தாழும் சரிவுடையது. இழுத்துச் செல்லும் காரவன் வீடுகளுக்கு அங்கே அனுமதி இல்லை. இறங்குகையில் கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வண்டியைத் தாங்குவது அறிந்தோர் வழக்கம். யாம் அஞ்சி, மேலிருந்தே பிரேக்கின்மேற் காலை வைத்து எடாமல் வந்தோம். சூடேறிய வாடை வந்தது. வளைவு நெருங்குகையில் அழுத்தினோம். மிதி எதிர்ப்பின்றித் தரையைத் தொட்டது. மீண்டும் மிதித்தோம், அவ்வாறே.

“அப்பா, ஏன் வேகமாகப் போகிறீர்கள்?” என்றாள் மகள்.

விடை கூற நேரமில்லை. இரண்டாம் கியருக்குத் தள்ளினோம், எஞ்சின் அலறியது. கைப்பிரேக் எண்ணெயால் அன்றிக் கம்பியால் இயங்குவது, அதனை இழுத்தோம். வளைவை எப்படியோ கடந்து, ஓரத்துப் புல்மேட்டில் ஏறி வண்டி நின்றது. எதிரே வந்த பாரவண்டி ஒன்று ஊதிக்கொண்டே சென்றது. அது ஒரு கணம் முன்னர் வந்திருந்தால் என்னாகியிருக்கும் என்பதை இன்றளவும் யாம் மகளோடு பேசியதில்லை.

அரைமணி நேரங் கழித்து மிதியை அழுத்திப் பார்த்தோம். ஒன்றும் நடவாததுபோல் உறுதியாக நின்றது! எமக்கு நடுக்கம் உண்டானது அப்பொழுதுதான். அதனை நம்பாமல் மீட்பு லாரியை வரவழைத்தோம்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ரப்பர்க் குழாய்களின் வழியாகவும் மூடியின் வழியாகவும் நீர் சிறிது சிறிதாக உட்புகும். வண்டி ஓடினாலும் புகும், நின்றாலும் புகும். டாட் 4 என்னும் தரத்துப் புது எண்ணெய் குறைந்தது 230 பாகை வெப்பம் வரை கொதியாதிருக்கவேண்டும். நூற்றுக்கு நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாக நீர் ஏறிய எண்ணெய்க்கோ 155 பாகையே எல்லை. கொதித்தால் ஆவி தோன்றும். ஆவி அழுத்தினால் சுருங்கும். ஆகவே மிதியின் வலிவு சக்கரத்தைச் சேராது. குளிர்ந்தவுடன் ஆவி மீண்டும் நீர்மமாகிவிடும். எம் வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய்வழி ஆதலால் அனைத்தும் ஒருங்கே கைவிட்டன.

மறுவாரம் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முதியவரைக் காணச் சென்றோம். அவர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. தம் கையால் எழுதிய கடைசிக் குறிப்பு வரையில் ஏடுகளைப் புரட்டினார். பிரேக் எண்ணெய், அக்டோபர் 2013. அதன்பின் வெற்று ஏடுகளைச் சிறிது நேரம் பார்த்திருந்து, எம் மகள் நலமா என்று வினவினார். பின்னரே வண்டியைப் பற்றிப் பேசினார்.

அவரிடம் கற்றதும் பின்பு யாம் கண்டறிந்ததும் இவை. எஞ்சின் எண்ணெய் ஆண்டுக்கு ஒருமுறை. அதுவும் வசந்தத்தில் அன்று, வண்டியைக் குளிர்காலத்துக்கு நிறுத்துவதற்கு முன்னர். ஒரு படி பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு படி நீர் உண்டாகிறது. பெரும்பகுதி புகையோடு வெளியேறினும், எஞ்சின் நன்கு சூடேறாவிடில் ஒரு பகுதி எண்ணெயில் தங்கி அமிலங்களோடு கூடி உள்ளுறுப்புக்களை அரிக்கும். அழுக்கு எண்ணெயோடு ஐந்து மாதம் நிறுத்துவது ஆகாது. யாமோ ஞாயிறுதோறும் கொட்டகையிலேயே பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு, வண்டிக்கு உபகாரம் செய்ததாக மகிழ்ந்திருந்தோம். எண்ணெய் மூடியைக் கழற்றியபொழுது அடியில் வெண்ணெய்போல் வெளிறிய பசை திரண்டிருந்தது. அத்தனையும் எம் உபகாரம்! ஓட்டுவதாயின் அரைமணிக்குக் குறையாமல் சாலையில் ஓட்டவேண்டும். இல்லையேல் தொடாதிருப்பதே மேல்.

பிரேக் எண்ணெய் ஈராண்டுக்கு ஒருமுறை. இதில் இனி எம்மிடம் தர்க்கம் இல்லை. ரேடியேட்டர் நீரில் சேர்க்கும் உறைதடை மருந்தும் துருவைத் தடுக்கும் குணத்தை இழப்பதால் அதனையும் அப்பொழுதே மாற்றிவிடுகிறோம். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் உண்டு. முதலிரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. எம் டயர்களில் 0806 என்றிருந்தது. 2006ஆம் ஆண்டின் எட்டாம் வாரம். வரிகள் புதியனபோல் ஆழமாகவே இருந்தன. பக்கங்களிலோ மயிரிழை வெடிப்புக்கள். பத்தாண்டு கடந்த டயரைப் பேருந்து, லாரி ஆகியவற்றின் முன்னச்சில் இடலாகாதென்று 2021ஆம் ஆண்டில் இந்நாட்டார் விதித்தனர். சிறு மோட்டார்களுக்கு அவ்விதி இல்லை, யாமே விதித்துக்கொண்டோம்.

எனினும் அனைத்தையும் ஆண்டுதோறும் மாற்றவேண்டும் என்று உரைக்கும் தொழிற்கூடத்தாரையும் யாம் நம்புவதில்லை. ஸ்பார்க் பிளக்கு, வால்வு இடைவெளி முதலியன ஓட்டத்தால் தேய்வன. அவற்றிற்கு மைற்கணக்கே போதும். பார்த்துவிட்டு மூடிவிடலாம். அடிக்கடி கழற்றினால் நல்ல மரையும் கெடும்.

முதியவர் 2021ஆம் ஆண்டில் காலமானார். நோட்டுப் புத்தகம் எம்மிடமே உள்ளது. சென்ற அக்டோபர்க் குறிப்பு: ஓடியது 290 மைல், எண்ணெய், வடிகட்டி, கிரீஸ் முடிந்தன, பிரேக் எண்ணெய் அடுத்த ஆண்டு. கையெழுத்து எம் மகளுடையது.