சீட்டைப் பார்த்து விமானத்தின் பேர் சொல்லலாம்



விமானத்தை வெளியே இருந்து பார்த்துப் பேர் சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க. நான் சொல்லப் போறது வேற. படத்தில் இறக்கை தெரியாது, வால் தெரியாது. பைலட் உட்காரும் இடம், அதாவது காக்பிட் மட்டும்தான் இருக்கும். அதை வைத்தே எந்த விமானம் என்று கண்டுபிடிக்க வேண்டும். பெரிய ஜெட் விமானம் இல்லை. அந்தக் காலத்துச் சின்ன விமானங்கள். பெங்களூரில் இருக்கும் எங்க சித்தப்பா படத்துக்கு அடியில் இருக்கும் பேரை வெட்டிட்டு அப்பா போனுக்கு அனுப்புவார். நான் பேர் சொல்லணும், காரணமும் சொல்லணும். காரணம் சொல்லலைன்னா அரை மார்க்தான்.

நம்ம ஏற்காட்டில் மேலே விமானச் சத்தம் கேட்கும், நிமிர்ந்து பார்த்தா வெறும் பனிமூட்டம்தான் இருக்கும். அப்போ உள்ளே இருக்கிற பைலட்டுக்கும் மூட்டம்தானே தெரியும்? அவருக்கு எதிரே இருக்கிற மீட்டர்கள்தான் அவருக்குக் கண்ணு. இது தெரிந்த பிறகுதான் எனக்கு உள்பக்கம் பார்க்க ஆசை வந்தது.

ஆனால் பேர் கண்டுபிடிக்க மீட்டரைப் பார்த்து பிரயோஜனம் இல்லை. வேகம், உயரம், திசை, இன்ஜின் சுற்று, ஆயில் அழுத்தம், இது எல்லா விமானத்திலும் இருக்கும். எல்லார் முகத்திலும் ரெண்டு கண்ணு ஒரு மூக்கு இருக்கிற மாதிரி. பார்க்க வேண்டியது வேற: ஆள் எங்கே உட்காருகிறார், கையில் எதைப் பிடிக்கிறார், காலை எங்கே வைக்கிறார், பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறார். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் டிரைவருக்குப் பக்கத்தில் நின்றே வந்தவர்களுக்கு இது உடனே புரியும். பஸ் மாறினா கியர் கம்பி இருக்கிற இடம் மாறும், டிரைவர் சாய்ந்து உட்காரும் விதமும் மாறும்.

முதலில் டைகர் மாத். 1931-ல் இங்கிலாந்தில் முதன்முதலாகப் பறந்தது. நம்ம நாட்டு விமானப்படையில் எத்தனையோ பேர் இதில்தான் பறக்கக் கற்றுக்கொண்டார்கள். மேலே கூரையே கிடையாது. காற்று முகத்தில் அடிக்கும். முன்னால் ஒரு குழி, பின்னால் ஒரு குழி, இரண்டிலும் ஒவ்வொரு சீட். வாத்தியார் முன்னால், மாணவர் பின்னால் (நம்ம வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரர்கள் சந்தோஷப்படலாம்). தனியாகப் போனாலும் பின்சீட்டில்தான் உட்காரணும். ரெண்டு பேரும் பேசிக்க ஒரு குழாய் இருக்கும். முழங்காலுக்கு நடுவில் சோற்றுக் கிண்ணம் அளவுக்கு ஒரு திசைகாட்டி இருக்கும். அதைப் பார்த்தா நான் யோசிக்கவே மாட்டேன், டைகர் மாத் பக்கம் போய்விடுவேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அமெரிக்காவின் பைப்பர் கப். இதிலும் தனியாகப் போகிறவர் பின்சீட்டில்தான் உட்காரணும். அதனால் படத்தில் முன்சீட்டின் முதுகு தெரியும். பெட்ரோல் மீட்டரைத் தேடினா மீட்டர் பலகையில் இருக்காது. கண்ணாடிக்கு வெளியே, மூக்கின் மேல் ஒரு கம்பி நீட்டிக்கிட்டு இருக்கும். டேங்குக்குள்ளே ஒரு தக்கை மிதக்குது, அந்தத் தக்கையில் குத்தின கம்பிதான் அது. பெட்ரோல் குறையக் குறைய கம்பி கீழே இறங்கும். அவ்வளவுதான்! மிதத்தல் பாடம் நடத்தும்போது டீச்சர் இதைச் சொன்னா யாருமே மறக்க மாட்டாங்க.

செஸ்னாவைப் பற்றி நிறைய சொல்ல ஒன்றுமில்லை. ரெண்டு சீட் பக்கத்தில் பக்கத்தில், ரெண்டு பேர் கையிலும் அரை ஸ்டீயரிங். ஆனால் பழைய செஸ்னா 172 என்றால் நடுவில் கார் கைப்பிரேக் மாதிரி ஒரு நீளக் கம்பி இருக்கும். இறக்கையின் பின்மடலைக் கையாலேயே இறக்குவதற்கு அது. 1960-களின் நடுவில் அதற்கு மின்சார மோட்டார் வந்துவிட்டது. அதனால் கம்பி இருந்தா பழசு.

எர்கூப் என்று ஒன்று இருக்கிறது. 1937-ல் பறந்தது. விமானத்தில் வாலைத் திருப்ப காலால் மிதிக்கும் ரெண்டு பெடல் இருக்கும் இல்லையா, இதில் அது கிடையாது. எல்லாமே ஸ்டீயரிங்கோடு சேர்ந்து வேலை செய்யும். பிரேக்குக்கு மட்டும் ஒரு பெடல். படத்தில் கீழே காலியாக இருந்தா எர்கூப்தான். இதை நான் சாதாரணமாகத்தான் நினைத்தேன், ஜெசிகா காக்ஸ் பற்றித் தெரியும் வரைக்கும். அமெரிக்காவில் பிறந்த இவருக்குப் பிறவியிலேயே இரண்டு கையும் இல்லை. 2008-ல் பைலட் லைசென்ஸ் வாங்கினார். ஓட்டியது எர்கூப். பெடல் இல்லாததால் கால் ரெண்டும் ஓய்வு. அந்தக் கால்களையே கையாக்கி ஸ்டீயரிங் பிடித்தார்! யாரோ எப்பவோ ரெண்டு பெடலை எடுத்துவிட்டதால் எழுபது வருஷம் கழித்து ஒருத்தருக்கு வழி கிடைத்தது.

நம்ம நாட்டு விமானங்களும் உண்டு. எச்.டி.-2, பெங்களூர் இந்துஸ்தான் ஏர்கிராப்ட் கம்பெனி செய்தது, 1951-ல் பறந்தது. வி.எம். காட்கே வடிவமைத்தார். டைகர் மாத் மாதிரியே சீட் ஒன்றன்பின் ஒன்று, ஆனால் தலைக்கு மேல் தள்ளித் திறக்கிற கண்ணாடி மூடி இருக்கும். நனைய வேண்டாம். அதே கம்பெனியின் புஷ்பக் 1958-ல் வந்தது. 90 குதிரைசக்தி இன்ஜின், பக்கத்தில் பக்கத்தில் சீட், இறக்கை தலைக்கு மேலே. கல்பனா சாவ்லா கர்னாலில் சின்னப் பொண்ணாக இருந்தபோது அவங்க அப்பா அவங்களைக் கூட்டிட்டுப் போய் ஏற்றியது ஒரு புஷ்பக்கில்தான். 1997-ல் விண்வெளிக்குப் போனவர், 2003-ல் கொலம்பியா விபத்தில் இறந்தார். புஷ்பக் படம் வந்தா நான் இடது சீட்டை விட்டுட்டு வலது சீட்டையே கொஞ்ச நேரம் பார்ப்பேன். அவங்க அதில்தான் உட்கார்ந்திருப்பாங்களோ என்னவோ.

இன்னொரு குறிப்பு: நடுவில் இருக்கும் த்ராட்டில் கம்பிகளை எண்ணுங்கள். ரெண்டு இருந்தா ரெண்டு இன்ஜின். டவ் விமானம் அப்படித்தான். 1951-ல் சென்னை அரசு வாங்கிய டவ் விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய் வரை கணவரோடு சேர்ந்து ஓட்டி வந்தவர் உஷா சுந்தரம். 27 மணி நேரம். அதற்கும் முன்னால் 1936-ல், 21 வயதில், லாகூரில் சரளா தக்ரால் புடவை கட்டிக்கொண்டு தனியாக ஜிப்சி மாத் ஓட்டினார். புடவையோடு அந்தக் குழிக்குள் எப்படி இறங்கினாங்கன்னு நான் படத்தை வைத்து யோசித்துப் பார்த்தேன். முடியும். இறக்கை மேல் கால் வைத்து ஏறணும்.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? காக்பிட் படங்களில் பெரும்பாலும் ஆளே இருக்க மாட்டார். சீட் காலியாகத்தான் இருக்கும். மறைக்கக் கூடாது என்றுதான் அப்படி எடுக்கிறார்கள். ஆனால் எனக்கு, வா வந்து உட்காருன்னு சொல்ற மாதிரி இருக்கும். என் கால் பெடலுக்கு எட்டுமான்னு அளந்து பார்ப்பேன். குள்ளமானவர்கள் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள்ளலாமாம், சித்தப்பா சொன்னார். பயிற்சி லைசென்சுக்கு 16 வயது ஆகணும். எனக்கு 14. பணம் பல லட்சம் ஆகும் என்பதும் எனக்குத் தெரியும்.

பிளஸ் ஒன்னில் கணக்கு குரூப் எடுக்கணும்னு வீட்டில் சொன்னேன். "விமானம் ஓட்டவா போறே? நர்சுக்குப் படி, ஊருக்குள்ளேயே வேலை கிடைக்கும்" என்று பாட்டி சொன்னாங்க. நர்ஸ் வேலை நல்ல வேலைதான், நான் மறுக்கவில்லை. அப்பா ஒன்றுமே பேசவில்லை. சாப்பிட்டு முடித்து கை கழுவிட்டு வந்து போனை எடுத்தார். சித்தப்பா அனுப்பிய புதுப் படத்தை என் முன்னால் நீட்டி, "இது என்னம்மா?" என்று கேட்டார். அப்பா இதுவரை கேட்டதே இல்லை.

அந்தப் படத்தைப் பார்த்து நான் பென்சிலில் வரைந்தது இந்தத் தாளின் கீழே இருக்கிறது. சீட் ஒன்றன்பின் ஒன்று. கையில் ஸ்டிக். காலுக்கு ரெண்டு பெடல். தலைக்கு மேல் கண்ணாடி மூடி. கண்ணாடிக்கு வெளியே கம்பி எதுவும் இல்லை. விடையையும் காரணத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி 9-ஆம் வகுப்பு 'அ' பிரிவில் கொடுங்கள். காரணம் இல்லாவிட்டால் அரை மார்க்தான்.