கந்தையும் காந்தாவும்

உடுத்த முடியாத, கொடுக்கவும் மனம் வராத புடவைகள் சில நம் இல்லந்தோறும் பீரோவின் அடித்தட்டில் உறங்குகின்றன. அன்னையர் உடுத்திய மதுரைச் சுங்குடி, பாட்டியாரின் செட்டிநாட்டுக் கண்டாங்கி, சலவைக்குச் சலவை மெலிந்து முந்தானை நைந்துபோன நூற்சேலைகள். பழந்துணிக்குப் பாத்திரம் தரும் பெண்மணி தெருவில் குரல் கொடுக்கும்போதெல்லாம் அவற்றை எடுத்துப் பார்க்கிறோம். மறுபடியும் மடித்து வைக்கிறோம். கொல்கத்தாவில் குடியேறி வாழும் நமக்கு, இச்சங்கடத்திற்கான விடை அடுத்த வீட்டு வங்கத்து மூதாட்டியிடமே இருக்கிறது. அதன் பெயர் காந்தா.

வங்கத்தின் காந்தாவும் தமிழின் கந்தையும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள் என்பர் அகராதியார். நாம் கந்தையைக் கசக்கிக் கட்டச் சொன்னோம்; அவர்கள் அதை அடுக்கித் தைத்தார்கள்.

தைக்கும் முறை பார்வைக்கு எளியது. கரை நீக்கிய பழைய பருத்திப் புடவைகளையும் வேட்டிகளையும் தரையில் விரித்து, சுருக்கம் போக நீவி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சில அடுக்குகள் வைக்கிறார்கள். ஓரங்களை மடித்துத் தைத்து, நெட்டையான தற்காலிகத் தையல்களால் அடுக்குகளைப் பிணைத்த பின்னரே உருவங்கள் தொடங்குகின்றன. நடுவில் தாமரை, மூலைகளில் மரமோ மாங்காயோ. முதலில் உருவத்தின் வெளிக்கோடு, அடுத்து அதன் உட்பகுதி. எஞ்சிய வெண்பரப்பை, உருவத்தைச் சுற்றிச் சுற்றியே செல்லும் ஓட்டுத் தையலால் நிரப்புகிறார்கள். நூல் இழுக்க இழுக்கத் துணி மெல்லச் சுருங்கி, குளத்து நீரில் எழும் சிற்றலைபோல் மேற்பரப்பு நெளிகிறது. இந்த நெளிவே காந்தாவின் உயிர். இடையில் பஞ்சு இல்லை. பழைய காந்தாக்களில் வண்ண நூலும் பெரும்பாலும் கடைச்சரக்கன்று. புடவைக் கரையிலிருந்து உருவிய சிவப்பும் நீலமும் கறுப்பும்தான்.

பழந்துணி ஏன் என்பதற்கு வறுமை மட்டுமே காரணமென்று கருதுவது பிழை. புதுத்துணியில் கஞ்சி இருக்கிறது. முதல் நீரிலேயே சுருங்குகிறது. நான்கைந்து அடுக்கானால் ஊசி நுழைய மறுக்கிறது. பலகாலம் துவைத்த பருத்தியோ இனிச் சுருங்குவதற்கில்லை, சாயம் விடுவதற்கும் பெரும்பாலும் இல்லை. இன்று கடைகளில் காந்தா என்று விற்கும் டஸ்ஸர் புடவைகள் அழகியவை. பல பெண்களுக்குச் சோறு போடுபவை. ஆயினும் ஒற்றைத் துணியில் இடும் அவ்வேலை பூவேலையே. அடுக்கு இல்லாத இடத்தில் அந்த அலை எழுவதில்லை.

குருசதய் தத் (1882–1941) கிராமம் கிராமமாகத் திரட்டிய காந்தாக்களுள், மானதாசுந்தரி என்னும் பெண் தன் தந்தைக்காகத் தைத்த ஒன்று புகழ்பெற்றது. இன்னார் இன்னாருக்காகத் தைத்தது என்பதை அவர் ஊசியாலேயே எழுதி வைத்தார். கையொப்பமில்லாத ஆயிரம் போர்வைகளுக்கு நடுவே அந்தப் பெயரைப் படிக்கும்போது நம் மனம் சற்று நின்றுவிடுகிறது.

மேனாட்டில் குவில்ட் எனப்படும் அடுக்குப் போர்வையின் கதை வேறு வகையில் நடந்தது. 1971-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அமெரிக்கக் குடியானவர் வீட்டுப் போர்வைகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்டியது. கட்டிலுக்குரியது சுவருக்கு ஏறிய அந்நிகழ்ச்சி பலரது கண்ணைத் திறந்தது. கறுப்பின ஓவியர் ஃபெயித் ரிங்கோல்ட் (1930–2024) தம் முதல் குவில்டான ‘எக்கோஸ் ஆஃப் ஹார்லெம்’ என்பதை 1980-இல் தம் அன்னை வில்லி போஸியுடன் சேர்ந்து செய்தார். அன்னையார் ஆடை வடிவமைப்பாளர். மறு ஆண்டு அவர் மறைந்தார். 1988-இல் வந்த ‘டார் பீச்’ சில், கித்தானில் தீட்டிய ஓவியத்தைச் சுற்றித் தைத்த துணிகளே சட்டமாக நிற்கின்றன. கதையும் அதன்மேலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இன்றைய கலைஞர்களிடம் கருவிகள் மிகுதி. மேல் துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி என மூன்றடுக்கு வைத்து, தையல் இயந்திரத்தில் துணியை நகர்த்தும் பற்களைத் தாழ்த்திவிட்டு, கையால் துணியைத் திருப்பித் திருப்பி ஊசியாலேயே கோலமிடுகிறார்கள். இஸ்திரிச் சூட்டில் உருகும் பசைவலையால் வெட்டுத் துண்டுகளை ஒட்டுவதும் உண்டு. வேகம் கிடைக்கிறது, துணி விறைத்துப் போகிறது. நைந்த சேலையின் மென்மைக்காகவே தைக்கும் நமக்கு அப்பசை வேண்டியதில்லை என்பது எங்கள் துணிபு.

வெட்டுவதா, வேண்டாவா என்பதே நம் மனத்தை வருத்தும் வினா. ஒட்டுப் போர்வைக்குத் துண்டுகள் வேண்டும். அன்னையின் புடவையில் கத்தரி வைக்கக் கை எழாது. காந்தா முறையில் உடலைத் துண்டாக்க வேண்டியதில்லை. கரையை மட்டும் பிரித்து, நீளத்தை மடித்து அடுக்கினால் போதும். மிக நைந்ததை நடுவிலும், திடமானதை வெளியிலும் வைத்தல் நன்று. சுங்குடியின் புள்ளிகளே கோலமாகிவிடுவதால், தாமரையைத் தேடாமல் அப்புள்ளிகளைச் சுற்றியே ஊசியை ஓட்டலாம். பாலியஸ்டரைப் பழம்பருத்தியோடு கலக்கலாகாது. வலியது மெலியதை அறுத்துவிடும். காஞ்சிப் பட்டு இவ்வேலைக்கு உகந்ததன்று. பழம்பட்டு மடிப்பிலேயே கிழிகிறது. குத்திய துளை மறைவதில்லை. சரிகையில் நூல் சிக்குகிறது. அதனைச் சட்டமிட்டு மாட்டுவதே அதற்குச் செய்யும் மரியாதை.

தொடங்குமுன் எல்லாப் புடவைகளையும் ஒருமுறை நீரில் அலசி, நிழலில் உலர்த்துக. முடிந்தபின், அடிப்புறத்து மூலையில் புடவை யாருடையது, எந்த ஊரில் எடுத்தது, தைத்தவர் யார், எந்த ஆண்டு என்பவற்றை நூலால் தமிழில் எழுதுக. சுவரில் மாட்டுவதாயின் பின்புறம் மேலோரத்தில் ஒரு நீண்ட உறை தைத்து, அதனுள் கோல் செருகித் தொங்கவிடலாம். ஆணி அடித்தால் கனம் ஒரே இடத்தில் இழுக்கும். வெயில் படும் சுவர் வேண்டாம். எடுத்து வைக்கும்போது மடிக்காமல், வெள்ளைப் பருத்தித் துணியோடு சேர்த்துச் சுருட்டுக. இவ்வூர் மழைக்காலத்தின் ஈரம் நாம் அறிந்ததே. பூஜை விடுமுறையில் ஒருநாள் பிரித்து, காற்றாட விரித்து, மறுபடியும் சுருட்டி வைக்கலாம்.